டேப்லெட்டா, கழற்றி மாட்டும் நெட்புக்கா? வாசகர் கேள்வி – பதில்

கல்லூரிச் சேர்க்கை முடிந்ததும் கருவி வாங்குவது பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வட சென்னையிலிருந்து வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே குழப்பத்தைத்தான் சொல்கின்றன: தனி டேப்லெட் வாங்குவதா, திரையைக் கழற்றி மாட்டும் சிறிய ஹைப்ரிட் கணினியை வாங்குவதா என்பதுதான் அது. அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டு விரிவாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பி.காம். சேர்ந்திருக்கிறாள். படிப்புக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தரலாம் என்று ரூ. 25,000 சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் ஒரு சின்ன ஹைப்ரிட் நெட்புக்கைக் காட்டி, "கழற்றினா டேப், மாட்டினா லேப்டாப், ஒரே விலையில ரெண்டும் கிடைக்குதும்மா" என்கிறார்கள். எதை வாங்குவது?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, "ஒரே விலையில் இரண்டு" என்ற பேச்சைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு பிராசசர், ஒரு பேட்டரி, ஒரு நினைவகம் (ரேம்) மட்டுமே. நீங்கள் கொடுக்கும் 25,000 ரூபாய் தனி டேப்லெட்டில் பெரும்பாலும் திரைக்கும் பேட்டரிக்கும் போகிறது. சாதாரண லேப்டாப்பில் பிராசசருக்கும் ரேமுக்கும் விசைப்பலகைக்கும் போகிறது. ஹைப்ரிடில் அதே தொகை தொடுதிரை, கழற்றும் இணைப்பு, விசைப்பலகை, விண்டோஸ் உரிமம் என்று எல்லாவற்றுக்கும் பங்கு போட்டுக்கொண்டு கரைவதால், எந்த ஒரு பாகத்துக்கும் போதிய பணம் மிஞ்சுவதில்லை.

இந்த வகைக் கருவி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். 2007-இல் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்ற ஏழு அங்குலத் திரைக் கணினியைக் கொண்டுவந்தபோது நெட்புக் என்ற சிறு மடிக்கணினி வகையே பரவலானது. விலை குறைவு, கனம் குறைவு, வேகமும் குறைவு. 2010-இல் ஐபேட் வந்த பிறகு, படிக்கவும் படம் பார்க்கவும் நெட்புக் வாங்கியவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அதன் பிறகு நெட்புக்கையே இரண்டாகக் கழற்றும்படி செய்தார்கள். 2013-இல் வந்த ஆசுஸ் டிரான்ஸ்ஃபார்மர் புக் டி100 இதற்கு நல்ல உதாரணம்: 10.1 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் பிராசசர், 2 ஜிபி ரேம். இன்று குறைந்த விலையில் விற்கப்படும் ஹைப்ரிடுகள் பிராசசரின் பெயரை மாற்றிக்கொண்டு, ரேமை 4 ஜிபி ஆக்கிக்கொண்டு, அதே அமைப்பில்தான் வருகின்றன.

உங்களிடம் காட்டிய கருவியின் அட்டைப்பெட்டியில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி என்று அச்சிட்டிருந்தால், அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். விண்டோஸ் 11 நிறுவ மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே இதுதான். குறைந்தபட்சம் என்பது கணினி தொடங்குவதற்கான அளவே தவிர, வேலை செய்வதற்கான அளவு அல்ல. விண்டோஸும் அதன் துணைக் கோப்புகளும் அந்த 64 ஜிபியில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். பெரிய அப்டேட் வரும்போது அதை இறக்கி விரிக்க இன்னும் இடம் தேவைப்படும். இரண்டாம் ஆண்டு தொடக்கத்திலேயே "இடம் போதவில்லை" என்ற அறிவிப்போடு உங்கள் மகள் போராட வேண்டியிருக்கும். இஎம்எம்சி என்பது கைப்பேசிகளில் இருப்பதைப் போன்ற சேமிப்புச் சில்லு. அதன் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. லேப்டாப்புகளில் வரும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் சாதாரண சாட்டா வகைகூட 500-ஐத் தாண்டும். அந்தச் சில்லும் ரேமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், பிறகு பணம் கிடைத்தாலும் கூட்டிக்கொள்ள வழியில்லை. ஹைப்ரிடில் எனக்குப் பெரிய மனக்குறை இதுதான்: வாங்கிய அன்று என்ன இருந்ததோ, கடைசி நாள் வரை அதே.

இன்னொன்றையும் கடையிலேயே பாருங்கள். சில மலிவு விலை விண்டோஸ் கருவிகள் "எஸ் மோடு" என்ற நிலையில் வருகின்றன. அந்த நிலையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டுமே நிறுவ முடியும். கணக்கு எழுதும் டேலி மென்பொருளை வெளியிலிருந்து இறக்கி நிறுவ முடியாது. கட்டணமில்லாமல் அதிலிருந்து வெளியே வரலாம், ஆனால் மீண்டும் திரும்ப முடியாது. கருவி கெட்டுவிட்டது என்று பயந்து கடைக்காரரிடம் ஓட வேண்டியதில்லை.

இனி டேப்லெட். பி.காம். மாணவிக்கு அது எதைத் தரும், எதைத் தராது என்று பார்ப்போம். பாடக் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் பெரும்பாலும் ஏ4 பக்கங்களாக, பிடிஎஃப் வடிவில்தான் வருகின்றன. ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. 10.1 அங்குல டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 136 மி.மீ.தான். அதாவது பக்கம் முழுவதையும் திரையில் கொண்டுவந்தால், 12 புள்ளியில் அச்சான எழுத்து எட்டுப் புள்ளிக்கும் சற்றுக் குறைவாகத் தெரியும். ஆங்கில எழுத்தை அந்த அளவில் ஓரளவு படித்துவிடலாம். சுழியும் கொம்பும் நிறைந்த தமிழ் எழுத்தை அந்த அளவில் மணிக்கணக்காகப் படித்தால் கண் வலிக்கும். 11 அங்குலத் திரையில் அகலம் 148 மி.மீ. வரை கிடைக்கிறது. ஆகவே டேப்லெட் என்றால் 11 அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். மலிவு என்று எட்டு அங்குலம் வாங்கினால் அது படம் பார்க்கும் கருவியாகத்தான் முடியும்.

தராதது எது? டேலி பிரைம் விண்டோஸில் ஓடும் மென்பொருள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலோ ஐபேடிலோ அதை நிறுவ முடியாது. எக்செல் டேப்லெட்டிலும் இருக்கிறது, கூட்டல் கழித்தல் கணக்குகளும் வரைபடங்களும் வரும், ஆனால் மேக்ரோக்கள் (திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானே முடிக்கும் கட்டளைத் தொகுப்புகள்) அதில் இயங்கா. இந்த இரண்டும் வணிகவியல் படிக்கும் பிள்ளைக்கு மூன்று ஆண்டுக்குள் எப்படியும் தேவைப்படும். எனவே, டேலி பயிற்சி கல்லூரி ஆய்வகத்திலேயே நடக்கிறதா, அங்கே மாணவிகளுக்குப் போதிய நேரம் கிடைக்கிறதா என்று முதலில் மகளிடம் கேளுங்கள். கிடைக்கிறது என்றால் 11 அங்குல டேப்லெட்டும் ஒரு புளூடூத் விசைப்பலகையும் போதும். பையில் புத்தகங்களோடு வைத்துக்கொண்டு கூட்டமான பேருந்தில் போய்வர அதுவே வசதி. கிடைக்காது என்றால், ஹைப்ரிடும் வேண்டாம், டேப்லெட்டும் வேண்டாம். இன்னும் சில ஆயிரம் சேரும் வரை பொறுத்திருந்து, 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள சாதாரண 14 அங்குல லேப்டாப்பை வாங்குங்கள். தொடுதிரை இல்லையே என்று மகள் வருத்தப்படலாம். மூன்றாம் ஆண்டில் கணக்குப் போடும்போது அந்த வருத்தம் இருக்காது.

விசைப்பலகையைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை 19 மி.மீ. இருக்கும். பத்து அங்குலக் கருவியில் பன்னிரண்டு பதிமூன்று விசைகளை ஒரே வரிசையில் அடக்க வேண்டியிருப்பதால் அந்த இடைவெளியைச் சுருக்கியாக வேண்டும். கடைக்கு ஓர் அடிக்கோலை எடுத்துப் போய் அளந்து பாருங்கள்; பிறகு மகளை உட்காரவைத்து ஒரு பத்தியை அடிக்கச் சொல்லுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர்களுக்கு வலது ஓரத்து விசைகளும் ஓயாமல் தேவைப்படும் என்பதால், அங்கே விசைகளைப் பாதி அளவாக்கியிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சிறிய ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். பில் போடவும், சரக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவும், ஜிஎஸ்டி வேலைகளைப் பார்க்கவும் ஒரே கருவி வேண்டும். மேசையில் இடம் குறைவு என்பதால் ஹைப்ரிட் வாங்கலாம் என்று நினைக்கிறேன்.
– ஒரு வியாபாரி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஐயா, ஹைப்ரிட் உண்மையிலேயே பொருந்துகிற இடம் உங்கள் கடைதான். மேசையில் மாட்டிவைத்து பில் போடலாம். வாடிக்கையாளர் அலமாரிப் பக்கம் நிற்கும்போது திரையை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துப் போய் வேறு நிறங்களைக் காட்டலாம். இந்த இரண்டு வேலையும் ஒரே நாளில் பலமுறை மாறி மாறி வருகிறவர்களுக்குத்தான் கழற்றி மாட்டும் வசதிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணாகாது.

ஆனால் 8 ஜிபி ரேமுக்குக் குறையக் கூடாது. பிராசசரில் இன்டெல் என்100 அல்லது அதற்கு மேற்பட்டதைப் பாருங்கள். 2023-இல் வந்த என்100-இல் நான்கு கோர்கள் (வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகள்) உள்ளன. இன்னும் சில கடைகளில் தேங்கியிருக்கும் செலரான் என்4020-இல் இரண்டுதான். பெட்டியின் வெளியே "இன்டெல் பிராசசர்" என்று மட்டும் பொதுவாக அச்சிட்டிருந்தால், கருவியைத் திறந்து அமைப்புகளில் முழுப்பெயரைக் காட்டச் சொல்லுங்கள். ஆர்ம் வகைப் பிராசசரோடு (கைப்பேசிகளில் இருக்கும் வகை) வரும் விண்டோஸ் ஹைப்ரிடுகள் பேட்டரியில் சிறந்தவை என்றாலும், உங்கள் பில் பிரிண்டருக்கும் பார்கோடு கருவிக்கும் அவற்றில் டிரைவர் (துணைக் கருவியை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் வாங்கக் கூடாது.

ஜிஎஸ்டி கணக்கைப் பொறுத்தவரை, நீங்கள் தனிநபர் உரிமையாளர் என்றால் கைப்பேசிக்கு வரும் ஓடிபி மூலமாகவே ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிடலாம். டேப்லெட்டின் பிரவுசர்கூட அதற்குப் போதும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ எல்எல்பியாகவோ பதிவு செய்திருந்தால் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பத்தை வைத்திருக்கும், பென்டிரைவ் போன்ற யூஎஸ்பி டோக்கனுக்குக் கணினி அவசியம் என்பதோடு, முழு அளவு யூஎஸ்பி துளையும் வேண்டும். பல ஹைப்ரிடுகளில் ஒரே ஒரு யூஎஸ்பி-சி துளைதான் இருக்கிறது. சார்ஜரைச் செருகினால் டோக்கனுக்கு இடமில்லை. துளைகளைக் கூட்டித் தரும் ஒரு ஹப் வாங்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் போடச் சொல்ல மறக்காதீர்கள். லேப்டாப்புக்கும் டேப்லெட்டுக்கும் வரி 18 சதவீதம். வரி சேர்ந்த 30,000 ரூபாய் விலையில் ஏறத்தாழ ரூ. 4,576 வரிதான். வழக்கமான முறையில் பதிவு செய்திருப்பவர் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அது கிடையாது.

கேள்வி: காசிமேட்டில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. டிவியும் ஃபேனும்கூட இங்கே சீக்கிரம் துருப்பிடித்துப் போகின்றன. கழற்றி மாட்டும் கருவி எங்களுக்குத் தாங்குமா?
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: நல்ல கேள்வி, கருவியின் தரம் பேசுகிற யாரும் இதைப் பேசுவதில்லை. ஹைப்ரிடின் திரையைக் கழற்றி அதன் கீழ்விளிம்பைக் கிட்டத்தில் பாருங்கள். ஐந்தாறு சிறிய பொன்னிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். விசைப்பலகையின் பக்கம் அவற்றுக்கு நேராக ஸ்பிரிங் வைத்த குட்டி முனைகள் இருக்கும். விசைப்பலகைக்கும் திரைக்கும் இடையிலான தொடர்பு முழுவதும் இந்தப் புள்ளிகள் வழியாகத்தான் போகிறது. மேலே இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. தினமும் கழற்றி மாட்டும்போது அது தேய்ந்து, அடியில் இருக்கும் உலோகம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். உப்புக் காற்றும் ஈரப்பதமும் அங்கே பட்டால் பச்சை பூக்கும். முதலில், அடிக்கும் எழுத்துகள் விட்டுவிட்டு வரும். பிறகு ஒருநாள் விசைப்பலகை இருப்பதையே கருவி அறியாமல் போகும். வாரண்டி முடிந்தபின் இதற்குத் தனி விசைப்பலகை தேடினால், அந்த மாடல் சந்தையிலேயே இல்லாமல் போயிருக்கலாம்.

ஆகவே காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை டேப்லெட்தான். அதற்கு விசைப்பலகை வேண்டுமென்றால் தொடுபுள்ளி இல்லாத புளூடூத் வகை. ஒன்று கெட்டால் மற்றொன்று தப்பிக்கும், எந்த நிறுவனத்தின் விசைப்பலகையை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஏற்கனவே ஹைப்ரிட் இருந்தால், அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் அந்தப் புள்ளிகளை மாதம் ஒருமுறை துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள். ஈரக் கையோடு சார்ஜரைச் செருக வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஈரம் பட்ட யூஎஸ்பி-சி துளை மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக அரித்துப்போகும்.

மின்சாரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டேப்லெட்டைக் கைப்பேசி சார்ஜரிலும் சாதாரண பவர் பேங்கிலும் ஏற்றிக்கொள்ளலாம், மெதுவாக ஏறினாலும் ஏறும். பல ஹைப்ரிடுகள் 30 அல்லது 45 வாட் கேட்பவை. சிறிய பவர் பேங்கைச் செருகினால் பேசாமல் இருக்கும். பேட்டரி அளவை ஒப்பிடும்போது எம்ஏஎச் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் மொத்த மின் ஆற்றலைச் சொல்லும் வாட்-அவரைப் பாருங்கள். டேப்லெட்டின் 7,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 27 வாட்-அவர். லேப்டாப்பில் பல செல்கள் தொடராக இருப்பதால், எம்ஏஎச் எண் சிறியதாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் மின்சாரம் அதிகமாக இருக்கலாம்.

கேள்வி: வீட்டில் 2014-இல் வாங்கிய பத்து அங்குல ஹைப்ரிட் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10 ஓடுகிறது, மிக மெதுவாக. செலவு செய்து சரிசெய்யலாமா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: செலவு செய்ய வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தக் காலத்து ஆட்டம் பிராசசர் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. வங்கி வேலைகளை அதில் செய்யாதீர்கள். லினக்ஸ் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தலைமுறைக் கருவிகள் பலவற்றில் பிராசசர் 64 பிட்டாக இருந்தும், தொடக்க மென்பொருளை 32 பிட்டில் வைத்துவிட்டார்கள். அதனால் பல லினக்ஸ் வகைகள் நேரடியாக ஏறாமல் அடம்பிடிக்கும். பழக்கப்பட்ட பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் முயன்று பார்க்கலாம். திரை லேசாக மேலே தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் எதையும் முயல வேண்டாம்: பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு, குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி: ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கலாமா, பக்கத்துக் கடையிலேயே வாங்கலாமா? வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?
– ஒரு மாணவர், வியாசர்பாடி

பதில்: தம்பி, எந்தத் தெரு என்பதைவிட, கருவியைத் திறந்து கையில் கொடுக்கிறார்களா, முறையான பில் தருகிறார்களா என்பதுதான் முக்கியம். மின்னணுக் கருவிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு, பல மாடல்களை அடுத்தடுத்துத் தொட்டுப் பார்க்க நல்ல இடம்; வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

ஹைப்ரிட் என்றால் மேசைமீது மட்டும் வைத்துப் பார்க்காதே. மடியில் வை. எடை முழுவதும் திரைப் பக்கம் இருப்பதால் பல கருவிகள் பின்னால் சாயும். பின்பக்கத்தில் தாங்கு கால் வைத்தவை மடியில் நிலையாக நிற்பது கடினம். பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இருந்தால் இது பெரிய தொல்லை. திரையைப் பத்து இருபது முறை கழற்றி மாட்டிப் பார்; கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போகலாம்.

டேப்லெட் என்றால், பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுக்கு உறுதி என்று கேள். படமும் பாடக் காணொளியும் பார்க்கப் போகிறாய் என்றால் வைட்வைன் எல்1 (காணொளித் திருட்டைத் தடுக்கும் பாதுகாப்பின் உயர்ந்த நிலை) இருக்கிறதா என்றும் பார். எல்3 மட்டும் உள்ள கருவியில் திரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், கட்டணத் தளங்களின் காணொளி மங்கலாகத்தான் வரும். அதைக் காட்டும் இலவசச் செயலிகள் பிளே ஸ்டோரில் உள்ளன, கடையிலேயே நிறுவிப் பார்த்துவிடலாம். பேனாவால் குறிப்பெழுத நினைத்தால், அந்த மாடல் அழுத்தத்தை உணரும் ஆக்டிவ் பேனாவை ஏற்குமா என்று எழுதிப் பார்த்தே முடிவு செய். ரப்பர் முனை வைத்த சாதாரண பேனா எந்தத் திரையிலும் எழுதும், ஆனால் கையைத் திரையில் ஊன்றியதும் கோடு கலைந்துவிடும்.

பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதே. வெளிநாட்டுச் சந்தைக்கான கருவிக்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் செல்லாது. இந்தியாவில் முறையாக விற்கப்படும் லேப்டாப், டேப்லெட் எதுவானாலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்க வேண்டும். பெட்டியிலோ கருவியின் பின்புறத்திலோ 'ஆர்' என்று தொடங்கும் அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். பெயர் பொருந்தவில்லை என்றால் பணம் கொடுக்காதே. வாங்கியபின் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அப்போது அவர்கள் முதலில் கேட்பது பில்லைத்தான். அதனால் பில்லைக் கைப்பேசியில் படம் எடுத்து அப்பாவுக்கும் ஒன்று அனுப்பிவை.